நெடுவால் சுறா மற்றும் முடியுதிர்வுத் துறை

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று சொல்வார்கள். ஒருங்கிணைந்த ஆய்வு மன்றத்தில் அதையும் தாண்டிவிட்டார்கள். மொட்டைத் தலைக்கும் சுறாமீனுக்கும் முடிச்சுப் போட்டு, அதற்கென்று ஒரு துறை திறந்து, பெயர்ப்பலகை மாட்டி, துறைத் தலைவர் நாற்காலியில் சுறாக்காரரை உட்கார வைத்தார்கள். முடிச்சைப் போட்டவர்கள் எல்லாரும் நிறையப் படித்தவர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ விவரம் தெரியாதவர்கள் செய்த வேலை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சுறாக்காரர் பாவம், மன்றத்துக்காகச் சுறாவை ஆராய்ந்துகொண்டு, அதுவரை சுறா உண்டு, தான் உண்டு என்று இருந்தவர். விடிகாலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவார். படகில் நெடுவால் சுறா வந்திருந்தால் நாடாவைப் பிடித்து மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பார். அந்தச் சுறாவுக்கு வாலே உடம்பளவு நீளம். சாட்டை மாதிரி அதை வீசிச் சின்ன மீன்களை அடித்து மயங்க வைத்து, பிறகு நிதானமாகச் சாப்பிடும். உயிரோடு கிடைத்த சுறாவாக இருந்தால் முதுகுத் துடுப்பில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கோர்த்துத் திரும்பக் கடலில் விடுவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே, "குளிச்சிட்டுப் பேசுங்க" என்பாள். இதுதான் அவருடைய வாழ்க்கை, அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

மன்றத்துக்குப் புது இயக்குநர் வந்தார். வந்தவர் எல்லாத் துறைகளின் பெயர்களையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். நெடுவால் சுறாவுக்கு அறிவியலார் வைத்த பெயர் அலோபியஸ். தலைமுடி திட்டுத் திட்டாக உதிர்கிற நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அலோபீசியா. இரண்டு பெயருக்கும் மூலம் கிரேக்க மொழியில் நரியைக் குறிக்கும் ஒரே சொல். தந்திரக்காரச் சுறா என்பதால் ஒன்று, சொறி பிடித்த நரிக்கு முடி கொட்டும் என்பதால் மற்றொன்று. இதைக் கண்டுபிடித்த அன்று இயக்குநர் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்று அவருடைய ஓட்டுநர் சொன்னார்.

மறுநாள் பெரிய அரங்கில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"அறிவியல் காரணமில்லாம பெயர் வைக்குமா? வைக்காது. அப்படின்னா ஒரே மாதிரி ஒலிக்கிறது ரெண்டுக்கும் நடுவுல ஒரு உறவு இருந்தே தீரணும். இத்தனை வருஷமா அந்த உறவைப் பிரிச்சு வெச்சு ரெண்டு அறை, ரெண்டு மின்விசிறி, ரெண்டு டீ கெட்டில்னு வீணாக்கியிருக்கோம். இன்னையிலிருந்து ஒலி ஒற்றுமைச் சீர்திருத்தம். ஒலியால சேர்ந்ததை ஊழியர்கள் பிரிக்கக் கூடாது!"

அரங்கமே கைதட்டியது. தட்டாத கைகளை இயக்குநரின் செயலாளர் குறித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடற்குதிரைக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். மூளையில் ஞாபகம் சேர்கிற இடத்துக்கும் அதே பெயர். ஆகவே மறதி நோயாளிகளைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஐரிஸ் என்று ஒரு பூ இருக்கிறது, கண்மணியைச் சுற்றிய வளையத்துக்கும் ஐரிஸ் என்றுதான் பெயர். கண் வலி என்று வந்தவர்களிடம் தோட்டக்காரர், காலையும் மாலையும் தண்ணீர் விட்டு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றிரண்டு பேருக்கு அதில் வலி குறையவும் செய்தது. புற்றுநோயைக் குறிக்கும் கான்சர் என்பது ஒரு நண்டினத்தின் பெயரும்கூட. அந்தத் துறையைப் பற்றி நான் பிறகு சொல்கிறேன், சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

முடியுதிர்வைப் பார்த்துவந்த தோல் டாக்டரம்மா என்ன ஆனார்? அவரை மைதானத்துக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் இருந்த தோல் பதனீட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தோலும் தோலும்! இதைவிடச் சுத்தமான பொருத்தம் மன்றத்திலேயே கிடையாது என்று இயக்குநரே மெச்சிக்கொண்டார். டாக்டரம்மா அங்கே செருப்பு, இடைவார், கைப்பை எல்லாவற்றையும் உருப்பெருக்கி வைத்துப் பரிசோதித்து, வெடிப்பு இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நோயாளிகள் சுறாக்காரரின் அறைக்கு வந்தார்கள். தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினார்கள். சுறாக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த வேலை ஒன்றுதான், அளப்பது. நாடாவை எடுத்து மூக்கு நுனியில் ஆரம்பித்துக் கீழே வரை அளந்தார். வால் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தருக்கும் அவருக்கும் தகராறு வந்து, அது மேலிடம் வரை போய், கடைசியில் "இதுவரை தென்படவில்லை" என்று எழுதும்படி உத்தரவு வந்தது. அளந்து முடித்த ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் மஞ்சள் துண்டு கட்டி அனுப்பினார்கள். வெளியே போகிறபோது சிலர் நன்றிகூடச் சொன்னார்கள். அந்த நன்றி சுறாக்காரரைக் குத்தியது. ஆனால் துறைத் தலைவர் நாற்காலி சுழலும் நாற்காலி. இப்படியும் அப்படியும் சுழன்றால் குத்தல் கொஞ்சம் மறந்துபோகும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அவருடைய அண்ணி.

அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். அண்ணி ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வியாபாரம் பார்ப்பவள். ஒருநாள் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் வட்டமாக வழுக்கை தெரிந்திருக்கிறது. அப்புறம் உச்சியில் ஒன்று, நெற்றியோரம் ஒன்று. தோல் டாக்டரம்மா வட்டத்துக்கு வட்டம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் பூனைமுடி மாதிரி மெல்லியதாக முளைக்கவும் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் சீர்திருத்தம் வந்தது.

அண்ணி உள்ளே வந்து நாற்காலியில் அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நீங்களா இங்க? சொல்லவே இல்லையே! இனிமே எனக்கு என்ன கவலை? நம்ம வீட்டு ஆளே பார்த்துக்குவாரு."

"ஆமா அண்ணி... இப்பதான் மாத்தினாங்க."

"அந்த டாக்டரம்மா எங்க? பாதியில நிக்குதே வைத்தியம்."

எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஜன்னலைத் திறந்தால் அந்தக் கட்டடத்தின் வாசலே தெரியும். ஆனால் ஒரு துறைக்காரர் நோயாளியை வேறு துறைக்கு அனுப்பினால் அவரைத் துறைமுகத்துக்கே திருப்பி அனுப்புவதாக இயக்குநர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அதுவும் போக, அண்ணியின் கண்ணில் தெரிந்த அந்தப் பெருமை. அவரை அப்படி இதுவரை யாரும் பார்த்ததில்லை, கட்டின மனைவிகூட.

"அவங்க இப்ப இங்க இல்ல அண்ணி. ஊர் மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நான் இருக்கேன், பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டு அண்ணியையும் அளந்தார். அளக்கும்போது அவளுடைய தலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். மஞ்சள் துண்டை அவள் மணிக்கட்டிலும் கட்டி அனுப்பினார்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு துறைத் தலைவராக எழுந்து, எத்தனை பேர் குணமானார்கள் என்று சொல்ல வேண்டும். தோட்டக்காரர் எழுந்து, சொல்லக் கணக்கில்லாமல் பூ மாதிரி வாடிவிட்டார். கடற்குதிரைத் துறைத் தலைவர் தொட்டியைக் கழுவிய விவரம் சொன்னார். சுறாக்காரர் முறை வந்தபோது இயக்குநர் கொஞ்சம் கனிவாகவே கேட்டார்.

"நீங்க நீண்டகால அனுபவஸ்தர். உங்க சுறாவுல இதை எப்படிக் கணக்குப் பண்றீங்க?"

"அடையாளம் கட்டி விடுவோம் சார். சிலது திரும்ப வலையில மாட்டும். பெரும்பாலானது மாட்டாது."

"திரும்பி வராத சுறாவை என்னன்னு எடுத்துக்குவீங்க?"

உண்மையான பதில், தெரியாது என்பதுதான். தொழிலில் அப்படித்தான் எழுதுவார்கள். உயிரோடு இருக்கலாம், செத்திருக்கலாம், கடலுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்த அரங்கில் தெரியாது என்ற சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாம் சார்," என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மற்றவர்களையும் சேர்த்துக் கெடுத்தது.

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கேட்டீங்களா? நோய் இருக்கிறவன்தான் திரும்பி வருவான். குணமானவன் எதுக்கு வரப்போறான்? இத்தனை நாளா வந்தவங்களைப் போய் எண்ணிக்கிட்டு இருந்திருக்கோமே! இனிமே வராதவங்களை எண்ணுங்க. திரும்பி வராதவர் அனைவரும் குணமடைந்தவர். இதுக்குச் சுறா விதின்னு பேர் வைக்கிறேன்."

சுறா விதி மன்றத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. யாரும் திரும்பி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று துறைகளுக்குள் போட்டி தொடங்கியது. காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுகளை முதலில் எடுத்தார்கள். பிறகு குடிதண்ணீர்க் குழாயை. பிறகு வாசலில் இருந்த வழிகாட்டிப் பலகையைப் பின்பக்கம் திருப்பி வைத்தார்கள். மின்தூக்கியில் ஏறுவதற்கு மட்டும் பொத்தானை வைத்துவிட்டு மற்றதைக் கழற்றியதால், மேலே போனவர்கள் படியில் இறங்கி, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று போனார்கள். மறதி நோயாளிகள் திரும்பி வர மறந்தார்கள், அதனால் ஞாபகசக்தியில் முழுக் குணம் என்று கணக்கில் ஏறினார்கள்.

முதலிடம் நண்டுத் துறைக்கு. அங்கே வந்தவர்களில் அநேகம் பேர் திரும்பி வரவேயில்லை. முடிவை அறிவித்தபோது நண்டுத் துறைத் தலைவர் எழுந்து நின்று வணங்கினார், எல்லாரும் தட்டினார்கள். சுறாக்காரரும் தட்டினார். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "என்ன உடம்புக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல," என்றார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

அண்ணியும் வருவதை நிறுத்தியிருந்தாள். அவள் வராத முதல் வாரம் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததை நினைத்துப் பிற்பாடு அவர் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்துத் தெருதான் வீடு. ஒருநடை போய்ப் பார்த்திருக்கலாம். வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்.

வருட இறுதியில் விழா வைத்தார்கள். விதியைத் தந்தவர் என்பதால் சுறாக்காரருக்குப் பதக்கம். குணமடைந்தவர்கள் சார்பில் ஒருவர் மேடையில் அமர வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார்.

"உங்க சொந்த அண்ணியே குணமாகியிருக்காங்களாமே? கூட்டிட்டு வாங்க. குடும்பப் பாங்கா இருக்கும்."

வேறு வழியில்லாமல் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவளை ஒரு நொடி அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம் இரண்டும் இல்லை, இமைமுடிகூட இல்லை. கழுவி வைத்த மாதிரி முகம் வெறுமையாக இருந்தது.

"வாங்க தம்பி. என்ன அப்படிப் பார்க்கிறீங்க? பழகிடுச்சு. கடையில இப்ப பின்பக்கம் போட்டுட்டாங்க, அடுப்படியில. ஆளுங்க பயப்படுறாங்களாம். முதலாளி நல்லவருதான், வேலைய விட்டுப் போன்னு சொல்லல."

"ஏன் அண்ணி, ஏன் வர்றத நிறுத்திட்டீங்க?"

"வந்து வந்து கொட்டிக்கிட்டே இருந்தா உங்களுக்குத்தான கெட்ட பேரு? நம்ம வீட்டு ஆளுக்கு என்னால எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் விழா விவரத்தைச் சொன்னார். சொன்னார் என்பதைவிட, தரையைப் பார்த்து முணுமுணுத்தார் என்பது சரி. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உங்களுக்கு நல்லது நடக்குதுன்னா வரேன். துணிய நல்லா இழுத்துக் கட்டிக்கிறேன், யாருக்கும் தெரியாது."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விழா அன்று அண்ணி சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் செயலாளர் கையை நீட்டி மறித்தார். அண்ணியின் மணிக்கட்டில் அந்த மஞ்சள் துண்டு இருந்தது. அவள் அதைக் கழற்றவே இல்லை.

"அம்மா, நீங்க உள்ள வர முடியாது. வந்தா திரும்பி வந்தவங்க ஆயிடுவீங்க. திரும்பி வந்தவங்க குணமாகாதவங்க. மேடையில உட்காருறது குணமானவங்க."

"நீங்கதான வரச் சொன்னீங்க?"

"வரச் சொன்னோம். ஆனா வரக் கூடாது. புரியுதுங்களா?"

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. அவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மேடையில் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொல்லி, அதற்கு ஒரு பூங்கொத்தும் வைத்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த நாற்காலியைப் பாருங்க. யாராவது இருக்காங்களா? இல்ல. ஏன் இல்ல? குணமாயிட்டாங்க! வர்றவங்களைக் குணப்படுத்துறது சாதாரண மருத்துவமனை. நாம வராதவங்களைக் குணப்படுத்தியிருக்கோம். இந்த வாசலுக்கு ஒருத்தர்கூட வராத நாள் ஒண்ணு வரும். அன்னைக்கு நாட்டுல நோயே இருக்காது, நாம மட்டும் இருப்போம்!"

கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது. சுறாக்காரரின் கழுத்தில் பதக்கம் விழுந்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அண்ணி போகவில்லை. வெயிலில், சாத்திய கதவுக்கு வெளியே, அவருக்குப் பதக்கம் போடுவதைப் பார்க்க எக்கி எக்கி நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு அவரால் மேடையில் நிற்க முடியவில்லை. நன்றியுரை சொல்லக் கூப்பிடுகிறார்கள், அவர் பாட்டுக்கு இறங்கிப் பின்வாசல் வழியாக நடந்தார். தன்னடக்கம் என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள்.

"அண்ணி, வாங்க."

"எங்க தம்பி? உள்ள விட மாட்டேங்கிறாங்களே."

"உள்ள இல்ல. தோல் டாக்டரம்மாகிட்ட."

"அவங்கதான் ஊர் மாத்திப் போயிட்டாங்களே?"

அவர் மைதானத்தைக் கடந்து நடந்தார். அவளும் பின்னால் வந்தாள். எதிர்க் கட்டடத்தின் வாசலில் நின்று, கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். சுறாக்காரரின் அறை ஜன்னல் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா ஒரு காலணியை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் காலணி கையிலிருந்து நழுவியது. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, துணியை அவிழ்க்கச் சொன்னார். விரலால் தலை முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தார்.

"முளைச்சுக்கிட்டு இருந்ததே! அப்பவே தொடர்ந்து ஊசி போட்டிருந்தா நின்னிருக்கலாம். இப்படி உடம்பு முழுக்கப் போன பிறகு எனக்கு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. முயற்சி பண்ணலாம், அவ்வளவுதான். இத்தனை நாளா யாருகிட்ட காட்டினீங்க?"

சுறாக்காரர் தாழிட்ட கதவைப் பார்த்தார்.

"யாருகிட்டயும் காட்டல டாக்டர்," என்றாள் அண்ணி. "தானா வளரும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தானா வளருமா? நாலு பேரோட பழகுற ஆளு, இவ்வளவு அலட்சியமாவா இருப்பீங்க? சொந்த உடம்பு மேல அக்கறை வேண்டாம்?" என்று பொரிந்து தள்ளினார். அண்ணி தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"என்கிட்டதான் காட்டினாங்க டாக்டர்." அவருக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது. "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

டாக்டரம்மா அவருடைய கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தார். அண்ணிதான் தலையை நிமிர்த்தினாள். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை.

"இப்ப எதுக்கு தம்பி சொன்னீங்க? அதான் நானே திட்டு வாங்கிட்டேனே. சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லல. இப்ப சொன்னா உங்க மனசுதான் லேசாகும். என் தலையில என்ன முளைக்கப் போகுது?"

டாக்டரம்மா மேசைக்கடியில் வைத்திருந்த தன் பழைய மருந்துப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு, "சும்மா நிக்காதீங்க, அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டக்க பிடிங்க," என்றார். சுறாக்காரர் விளக்கைப் பிடித்தார். ஊசி ஒவ்வொரு இடமாக இறங்கியது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். திருப்பினால் வெளிச்சம் விலகிவிடும் என்பதால் கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றார்.